முழு நூலும் கிழித்த தாளும்

மட்டாஞ்சேரியை ஒட்டிய கொச்சிக் கோட்டைப் பகுதியில் 1579-இல் 'கிரீசித்தியானி வணக்கம்' என்ற தமிழ் நூல் அச்சானது. அதற்கு முந்தைய ஆண்டு கொல்லத்தில் வெளிவந்த 16 பக்கத் 'தம்பிரான் வணக்க'த்துக்குத் தெரிந்த ஒரே படி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நம் சொத்து கடல் கடந்துவிட்டதே என்ற வருத்தம் இயல்பானது. ஆனால் 1663-இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தபோது சேசு சபையாரின் நூலகம் அழிந்தது. ஊரிலிருந்தது போயிற்று, வெளியே போனது பிழைத்தது. பிழைத்ததும் முழுதாகப் பிழைத்தது. கோவாவில் 1577-இல் வார்த்த எழுத்தையும் கொல்லத்தில் 1578-இல் வார்த்த எழுத்தையும் 'தம்பிரான் வணக்க'த்தின் கடைசிப் பக்கம் சேர்த்துக் காட்டுகிறது. அந்தப் பக்கம் இல்லையென்றால் தமிழ் அச்செழுத்தின் பிறப்பையே நாம் ஊகித்துக்கொண்டிருப்போம். அரிய அச்சு நூல்களைச் சேகரிப்பவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் இது.

சேகரிக்கும் அதே பழக்கம் அழிக்கவும் செய்கிறது. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. 700-க்கும் மேற்பட்ட செடிகொடிப் படங்கள். சந்தையில் இவை தனித்தனித் தாள்களாக விலைபோகின்றன. சுவரில் மாட்டப் படம் வேண்டும்; முதல் தொகுதியின் சான்றுரைகள் எதற்கு? ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற கொங்கணி மருத்துவர் மூவரும் தங்கள் எழுத்திலேயே கையொப்பமிட்ட பக்கங்கள் அவை. படத்தைப் பிரித்தெடுத்தால் அது யாருடைய அறிவு என்ற சாட்சியம் அறுந்துபோகிறது.

விலைதான் பழந்தாளைப் பரணிலிருந்து இறக்குகிறது என்பார்கள். உண்மைதான். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் 1776-ஆம் ஆண்டு அச்சுப்படி ஒன்று, 4 டாலருக்கு வாங்கிய படச்சட்டத்துக்குள் 1989-இல் கிடைத்தது. 1991-இல் 24 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஆனால் அது ஒற்றைத் தாள். அந்தத் தாளே முழு ஆவணம். நூல் அப்படியல்ல. தாளைக் காத்த அதே விலை நூலைக் கிழிக்கவும் தூண்டுகிறது. ஏற்கெனவே சிதைந்த படியைப் பிரித்தால் என்ன நட்டம் என்ற கேள்விக்கும் ஓரளவே நியாயம் உண்டு: குறைப்படியிலும் தையலும் ஓரக்குறிப்பும் மிஞ்சியிருக்கும். மின்படிமம் போதும் என்பவர்களுக்கும் இதையே சொல்வேன். பிரித்துப்போட்ட நூலை முழுதாகப் படமெடுக்க வழியில்லை.

எதைச் சேர்க்கிறோம் என்பதைவிட எதைப் பிரிக்க மறுக்கிறோம் என்பதில்தான் சேகரிப்பாளரின் தரம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சந்தை மதிப்புப் பார்த்துப் பொறுக்கவில்லை. நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்பிதழ்களையும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது; வாங்கியும் கப்பலேற்றவில்லை. 1994 முதல் அது சென்னையிலேயே, ஒரே தொகுப்பாக இருக்கிறது; ஆய்வாளருக்கும் திறந்திருக்கிறது.