விளையாட்டின் காரணம்: எந்தப் படியால் அளப்பது?

இளைஞர்கள் வீடியோ கேம் ஆடுவது ஏன் என்று அளக்கும் முயற்சி, ஆட்டக்காரர்களை வகை பிரிப்பதில் தொடங்கியது. 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கிவைத்த ‘மட்’, எழுத்துகளை மட்டும் கொண்டு பலர் சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டு. அதன் உருவாக்கத்தில் சேர்ந்துகொண்ட ரிச்சர்ட் பார்ட்டில், இத்தகைய விளையாட்டுகளை ஆடுவோரை 1996-ல் நான்காகப் பிரித்தார்: சாதிப்பவர், தேடித் திரிபவர், கூடிப் பழகுபவர், பிறரை வீழ்த்துபவர். இந்தப் பாகுபாடு அனுபவத்தில் விளைந்தது. ஒருவரிடமே நான்கு குணமும் கலந்திருந்தால் எது எவ்வளவு என்று சொல்ல இதில் வழியில்லை.

அந்தக் குறையை நிரப்பக் கேள்வித்தாள்கள் வந்தன. 2006-ல் ஆய்வாளர் நிக் யீ, இணையவழிக் கேம் ஆடும் சுமார் 3,000 பேரிடம் 40 கேள்விகள் கேட்டு, பதில்களைக் காரணிப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தினார். சேர்ந்தே ஏறி இறங்கும் பதில்களை ஒரே நோக்கத்தின் வெளிப்பாடாகக் கொள்வது இந்த முறை. சாதனை, உறவு, கதையுலகில் தோய்தல் என்னும் மூன்று பெரும் நோக்கங்களும், அவற்றுள் அடங்கிய பத்துச் சிறு நோக்கங்களும் கிடைத்தன. ஒரு நோக்கம் மிகுந்தால் மற்றொன்று குறைய வேண்டியதில்லை என்பதும் தெரிந்தது.

அதே ஆண்டில் ரிச்சர்ட் ரயான், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ பிரிஜிபில்ஸ்கி மூவரும் எதிர்த்திசையிலிருந்து வந்தனர். தன் விருப்பப்படி செயல்படுதல், திறமையை உணர்தல், பிறரோடு பிணைந்திருத்தல் ஆகியவை மனிதருக்குப் பொதுவான மனத்தேவைகள் என்ற கோட்பாட்டை முன்வைத்து, விளையாட்டு அவற்றை எந்த அளவுக்கு நிறைவேற்றுகிறது என்று அளந்தனர். யீ பதில்களிலிருந்து நோக்கங்களுக்குச் சென்றார். இவர்கள் கோட்பாட்டிலிருந்து கேள்விகளுக்கு வந்தார்கள்.

2011-ல் ஹங்கேரியில் ஜோல்ட் டெமெட்ரோவிக்ஸ் குழு 3,818 பேரிடம் நடத்திய ஆய்விலிருந்து 27 கூற்றுகள் கொண்ட கேள்வித்தாள் உருவானது. உறவு, தப்பித்தல், போட்டி, மன அழுத்தத்தைச் சமாளித்தல், திறன் வளர்ப்பு, கற்பனை, பொழுதுபோக்கு என ஏழு நோக்கங்களை அது அளக்கிறது. தப்பித்தலையும் சமாளித்தலையும் பிரித்தது இதன் சிறப்பு. பரீட்சை முடிந்த களைப்பைப் போக்க ஆடுவது வேறு; வாழ்க்கையை மறக்க ஆடுவது வேறு. கட்டுப்பாடு இழந்த ஆட்டத்தோடு தப்பித்தல் தொடர்புகொண்டிருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன.

இக்கருவிகள் வேறொரு நாட்டுக்குப் போகும்போது சிக்கல் எழுகிறது. வழக்கமான முதல் காப்பு மறுமொழிபெயர்ப்பு: ஒருவர் கேள்விகளை மொழிபெயர்க்க, மூலத்தைப் பாராத இன்னொருவர் அவற்றைத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுவருகிறார். சொல் பிழைகள் இதில் பிடிபடும். பொருள் விலகல் தப்பிவிடும். புதியவர்களின் அறிமுகம் கிடைப்பதால் ஆடுகிறேன் என்ற வகைக் கூற்றைத் தென்கொரியாவின் ‘பிசி பாங்’ என்னும் கணினி விளையாட்டுக் கடையில் நண்பர்களோடு வரிசையாக அமர்ந்து ஆடும் இளைஞர் மறுக்கலாம். அவருடைய ஆட்டமும் உறவுக்கான ஆட்டமே. அந்த உறவு பழைய நட்பு.

பதில் சொல்லும் பழக்கமும் நாட்டுக்கு நாடு மாறும். மதிப்பெண் அளவுகோலில் ஜப்பானிய, சீன மாணவர்கள் நடுப்புள்ளியையும் அமெரிக்க மாணவர்கள் ஓரப்புள்ளிகளையும் அதிகம் தேர்ந்தெடுப்பதை 1995-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எனவே சராசரி மதிப்பெண்ணில் தெரியும் வேறுபாடு, விருப்பத்தின் வேறுபாடாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவு மாறிய காலத்தில், இரண்டு ஊர்க் களங்களின் நெல்லை ஒப்பிடும் முன் படிகளை ஒப்பிட வேண்டியிருந்தது. உளவியலில் அந்த வேலையைச் செய்வது அளவீட்டு மாறாமைச் சோதனை. அதற்குப் படிநிலைகள் மூன்று. கூற்றுகள் இரு நாட்டிலும் ஒரே நோக்கங்களின் கீழ்த் திரள்கின்றனவா என்பது முதலாவது. ஒவ்வொரு கூற்றும் தன் நோக்கத்தோடு ஒரே வலிமையில் பிணைந்துள்ளதா என்பது இரண்டாவது. நோக்கம் சமமாக உள்ள இருவர், நாடு எதுவாயினும், ஒரே மதிப்பெண் தருவார்களா என்பது மூன்றாவது. மூன்றாவதும் தேறினால்தான் சராசரிகளை ஒப்பிடலாம்.

2012-ல் யீயும் சகாக்களும் 12 கூற்றுகள் கொண்ட அளவுகோலை அமெரிக்காவிலும் ஹாங்காங், தைவானிலும் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ ஆடுவோரிடம் சோதித்தனர். விளையாட்டு ஒன்றே என்பதால் ஒப்பீடு தெளிவாக இருந்தது. 2015-ல் வெளியான ‘டிரோஜன்’ வகைப்பாடு ஆறு நோக்கங்களை முன்வைத்து, ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ ஆடுவோரையும் சீன இணைய விளையாட்டு ஒன்றை ஆடுவோரையும் ஆராய்ந்தது. அங்கே நாடும் மாறுகிறது, விளையாட்டின் வகையும் மாறுகிறது. வேறுபாடு தென்பட்டால் எதன் கணக்கில் எழுதுவது என்பது கடினம். ஆடுவோர் சொன்ன பதிலை இரண்டு ஆய்வுகளும் ஆட்டப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்தது வலுவான முன்னேற்றம்.

கட்டுப்பாடு இழந்த ஆட்டத்தைக் குறிக்கும் ‘கேமிங் கோளாறு’ இடம்பெற்ற உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபின், இந்த மதிப்பெண்கள் ஆய்வேடுகளைத் தாண்டி மருத்துவம், சட்டம் பற்றிய விவாதங்களுக்கும் வந்துவிட்டன. ஒரு நாட்டு இளைஞர் மற்றொரு நாட்டாரைவிட அதிகம் தப்பித்து ஓடுகிறார் என்று தீர்ப்பெழுதும் எந்த ஆய்விடமும், படி ஒன்றுதானா என்பதை முதலில் கேட்க வேண்டும். அதற்கு விடை தராத ஆய்வின் தரவரிசைக்கு மதிப்பில்லை.