கேஷ் எளிமையானது, சோதிக்கும் கடமை நமக்கு வந்தது

ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் ஒரு பொறியியல் கல்லூரி லேபை எடுத்துக்கொள்வோம். 60 கணினிகள், மாணவர்களுக்கான மென்பொருள் எல்லாம் ஒரே சர்வரில். முதல் வகுப்பு தொடங்கியதும் அத்தனை பேரும் ஒரே கம்பைலரைத் திறக்கிறார்கள். ஒரே கோப்பு 60 முறை நெட்வொர்க்கில் பயணிக்கிறது. பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தரவு மையங்கள் எழுந்துவிட்டன. 2024 ஜனவரியில் டிஜிட்டல் கனெக்ஷன் நிறுவனத்தின் 20 மெகாவாட் மையமும் திறந்தது. ஆனால் சர்வர் எவ்வளவு அருகில் இருந்தாலும் இந்த நெரிசல் தீராது. கோப்பின் நகலைக் கணினியின் சொந்த டிஸ்கிலேயே வைத்துக்கொள்வதுதான் வழி. அந்த நகல் சேமிப்புதான் கேஷ்.

லினக்ஸ் கர்னலில் இந்த வேலையைச் செய்வது எஃப்எஸ்-கேஷ். ரெட் ஹாட்டின் டேவிட் ஹவல்ஸ் எழுதிய இது, 2009இல் 2.6.30 பதிப்பில் கர்னலுக்குள் வந்தது. என்எஃப்எஸ், ஏஎஃப்எஸ், சிஐஎஃப்எஸ், செஃப், 9பி ஆகிய நெட்வொர்க் கோப்பு முறைமைகள் இதைப் பயன்படுத்தத் தொடங்கின. என்எஃப்எஸ்ஸில் பயனர் மவுன்ட் செய்யும்போது 'எஃப்எஸ்சி' என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். டிஸ்க் நிரம்பாமல் பார்த்துக்கொள்ள கேஷ்ஃபைல்ஸ்டி என்ற சேவை இருக்கிறது. அதனுடன் வரும் வழக்கமான அமைப்பில், காலியிடம் 7 சதவீதத்துக்குக் கீழே போனால் பழைய நகல்கள் அழியத் தொடங்கும். 10 சதவீதத்தைத் தொட்டதும் அழிப்பு நிற்கும்.

வெளியே எளிமை, உள்ளேயோ தொடக்கத்தில் சிக்கல் இருந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் பல நிலைகள். அவற்றை நகர்த்த ஒரு தனி நிலை இயந்திரம். வேலைகளை வரிசைப்படுத்த இன்னொன்று. டிஸ்கிலிருந்து படித்த தரவு முதலில் அடியிலுள்ள கோப்பு முறைமையின் மெமரிக்கு வந்தது, பிறகு நெட்வொர்க் கோப்பின் மெமரிக்கு நகலானது. ஒரே தரவுக்கு இரட்டைச் செலவு.

ஹவல்ஸ் 2022 மார்ச்சில் வெளியான 5.17 பதிப்புக்காக எஃப்எஸ்-கேஷைத் திருத்திக்கொண்டிருக்கவில்லை, புதிதாகவே எழுதினார். நிலை இயந்திரம் போனது. டிஸ்குக்கும் நெட்வொர்க் கோப்பின் மெமரிக்கும் இடையே தரவு நேரடியாகப் போய்வருகிறது. கோப்பு முறைமைகள் தனித்தனியே செய்துவந்த வேலைகளை 2021இல் 5.13இல் வந்த நெட்எஃப்எஸ் நூலகம் படிப்படியாக ஏற்றுக்கொண்டது. கேஷ் என்பது துணைக் கருவி. அது பழுதானாலும் சர்வரிலிருந்து படித்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட ஒன்று, தான் துணைநிற்கும் கோப்பு முறைமைக்கு நிகரான சிக்கலைச் சுமக்கக் கூடாது. அந்த வகையில் இந்த மறு ஆக்கம் சரியான முடிவு.

ஆனால் அதற்கான விலையைப் பயனர்களும் கொடுத்தார்கள். என்எஃப்எஸ் உடனே புதிய வழிக்கு மாறவில்லை. 2023 ஜூனில் 6.4 வரும்வரை, மாற்று ஏற்பாடாக ஒவ்வொரு மெமரிப் பக்கமாகக் கேஷிலிருந்து படித்தது. சாதாரணக் கணினியில் ஒரு பக்கம் 4 கிலோபைட். பெரிய கோப்பு என்றால், ஒரு பக்கம் வந்து சேர்ந்த பிறகே அடுத்த பக்கம். வேகத்துக்காகவே கேஷை இயக்கியவருக்கு இது உண்மையான இழப்பு.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. கேஷ் கோப்பில் எந்தப் பகுதியில் தரவு இருக்கிறது, எது வெற்றிடம் என்பதைப் பழைய முறை அடியிலுள்ள கோப்பு முறைமையிடம் கேட்டே அறிந்தது. 5.17லும் கேட்கும் விதம் மாறியதே தவிர, அந்தச் சார்பு மாறவில்லை. இன்றைய கோப்பு முறைமைகள் இட மேலாண்மைக்காக வெற்றிடத்தைப் பூச்சியங்களால் நிரப்பக்கூடும். அப்போது இல்லாத தரவை இருப்பதாக கேஷ் நம்பிவிடும்.

மூன்றாவது, வேலையெல்லாம் ஒரே நூலகத்தில் குவிந்திருப்பது. முன்பு ஒரு பிழை ஒரு கோப்பு முறைமையோடு நின்றது. இப்போது நெட்எஃப்எஸ்ஸில் தவறு நேர்ந்தால் அதை நம்பியிருக்கும் எல்லாவற்றையும் தொடும். அதே காரணத்தால் ஒரு திருத்தம் எல்லோருக்கும் பயன்படும் என்பதையும் மறுக்க முடியாது.

எடைபோட்டால் நன்மையே மிகுதி. பழைய நிரலைத் தொடர்ந்து பராமரிப்பதைவிட இது மேல். ஆனால் எளிமையாக்கியதோடு பணி முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. பொது நூலகத்துக்கு முன்பைவிடக் கடுமையான சோதனை தேவை. அதற்கான களம் நம் கல்லூரி லேப்களில் இருக்கிறது. விடுமுறையில் ஒரு லேபில் புதிய கர்னலை நிறுவி, கேஷை இயக்கியும் நிறுத்தியும் அளந்து, கண்ட பிழையைக் கர்னல் பராமரிப்பாளர்களுக்கு எழுதுங்கள். கணினித் துறைப் பேராசிரியர்கள் இதை இறுதியாண்டு புராஜெக்டாகவே கொடுக்கலாம்.