பாடும் முகம் அழகாக இருக்க வேண்டுமா?

நம் ஊர்க் கச்சேரி அழைப்பிதழ்களில் பாடகி எப்போதும் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருப்பார். அவர் பாடுகிற படத்தை நான் பார்த்ததே இல்லை. "பாடும்போது எடுத்தா மூஞ்சி கோணலா வரும்லா" என்றார் அழைப்பிதழ் வடிவமைக்கும் நண்பர். அந்தக் கோணலில்தான் பாட்டு இருக்கிறது என்பேன். துலூஸ் லோத்ரெக்கின் படங்களைப் பார்த்தபின் வந்த எண்ணம் இது.

இவெத் கில்பேர், பாரிஸ் இசையரங்குகளில் பாடியவர். ஒல்லியான உடல், நீண்ட கழுத்து, முழங்கை தாண்டும் கறுப்புக் கையுறைகள். பாதி பேச்சு, பாதி பாட்டு என்பது அவர் பாணி. 1894இல் லோத்ரெக் அவருக்காக ஒரு சுவரொட்டி வரைந்து காட்டினார். என்னை இவ்வளவு அசிங்கமாக வரையாதீர்கள் என்று கில்பேர் எழுதிவிட்டார். அந்தச் சுவரொட்டி வெளிவரவில்லை.

அதே ஆண்டு குஸ்தாவ் ஜெஃப்ராயின் எழுத்தோடு, கில்பேரைப் பற்றிய 16 கல்லச்சுப் படங்களை லோத்ரெக் தொகுப்பாகக் கொண்டுவந்தார். மங்கிய பச்சை மை. பின்னணி பெரும்பாலும் வெறும் தாள். தூக்கிய மோவாய், ஒரு பக்கம் இழுபட்ட வாய், ஏறிய புருவம். ஒலியை வரைய முடியாது. ஒலி கழுத்தையும் தாடையையும் என்ன பாடு படுத்துகிறது என்பதை வரையலாம். அவர் அதை வரைந்தார். மேலட்டையில் பாடகியே இல்லை, கழற்றிப் போட்ட கையுறைகள் மட்டும். பாட்டு முடிந்துவிட்டது என்று அவை சொல்லிவிடுகின்றன.

1893இல் ஜேன் அவ்ரிலுக்கு வரைந்த சுவரொட்டியிலும் இதே புத்திதான். நடனக்காரி பின்னால் இருக்கிறார். முன்னால் பெரிதாக, டபுள் பேஸின் கழுத்தைப் பிடித்த ஒரு கை. அந்தக் கழுத்தின் கோடு வளர்ந்து படத்துக்கே சட்டமாகிறது. நடனம் வாத்தியத்துக்குள் நடக்கிறது.

ஆனாலும் கில்பேரின் கோபத்தை வெறும் அலங்கார ஆசை என்று தள்ளமாட்டேன். சுவரில் ஒட்டும் முகம் அவருடைய பிழைப்பு. ஓவியருக்கு உண்மை, விலை கொடுப்பவர் பாடகி. ஆனால் அந்தத் தொகுப்பின் 100 பிரதிகளிலும் கையெழுத்திட்டவர் கில்பேர்தான். அதை மன்னிப்பு என்று நான் வாசிக்கவில்லை. "ஆமாம், பாடும்போது நான் இப்படித்தான்" என்று ஒரு கலைஞர் ஒப்புக்கொண்டதாகவே வாசிக்கிறேன்.

அடுத்த அழைப்பிதழில் வாய் திறந்த படம் போடலாமே என்று நண்பரிடம் சொன்னேன். "அந்தம்மாகிட்ட நீங்களே கேளுங்க சார்" என்றார். இன்னும் கேட்கவில்லை.