தனியே இனிக்காத குரல்

பார்பர்ஷாப் சங்கீதத்தில் 'பாரிடோன்' என்று பெயர் பெற்ற குரலை, உடன் பாடும் மற்ற மூன்று குரல்களிலிருந்தும் பிரித்துத் தனியே கேட்டால், அதை ஒரு பாட்டு என்று ஒப்புக்கொள்ளவே மனம் வராது. ஒரே ஸ்வரத்தில் வெகுநேரம் நிற்கும். ஒரு படி இறங்கும். மெட்டுக்கு மேலே சட்டென்று தாவி, மறுகணமே அதற்குக் கீழே போய்ப் பதுங்கும். ஆயினும் இந்தக் கலையின் சூட்சுமம் முழுவதும் அந்தக் குரலில்தான் அடங்கியிருக்கிறது என்பது, ஒஹாயோ மாகாணத்துச் சிறு நகரம் ஒன்றில் ஒரு குளிர்காலம் முழுவதும், வாரத்துக்கு ஒரு மாலை வீதமாக, இத்தகைய கோஷ்டி ஒன்றின் அப்பியாசத்தை ஓரத்து நாற்காலியில் அமர்ந்து கேட்ட பிறகு எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம்.

இந்தச் சங்கீதத்துக்குப் பக்க வாத்தியம் என்று ஒன்றும் கிடையாது. உள்ளங்கையில் அடங்கக்கூடிய வட்டமான சிறு ஊதுகருவி ஒன்று ஆதார ஸ்வரத்தை ஒரு முறை ஒலித்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போய்விடும். அப்புறம் மனிதக் குரல்களைத் தவிர வேறு துணை இல்லை. மாதா கோயில் கோஷ்டிகளில் மெட்டு பெரும்பாலும் உச்சக் குரலுக்கு உரியது. இங்கேயோ அது மேலிருந்து இரண்டாவதான 'லீட்' குரலிடம் இருக்கிறது. அதற்கும் மேலே, புல்நுனியில் தங்கிய பனியைப்போல் லேசாக, 'டெனர்' குரல் ஒட்டிக்கொண்டு வருகிறது. அடியிலே 'பேஸ்' அஸ்திவாரமாக நிற்கிறது. இம்மூவரும் தத்தமக்கு வேண்டிய ஸ்வரங்களை எடுத்துக்கொண்ட பிறகு எது மிச்சமோ அது பாரிடோனுக்கு. பந்தியில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பாத்திரத்தின் அடியில் இருப்பதைத் தன் இலையில் இட்டுக்கொள்ளும் தாயாரைப் போன்றவர் அவர். ஆனால் அந்த மிச்சம் பல இடங்களில் காந்தாரமாகவோ நிஷாதமாகவோ அமைந்துவிடுகிறபடியால், அவர் வாய் மூடினால் கட்டடம் குறைப்பட்டு நிற்கும்.

பல ஸ்வரங்களை ஒரே சமயத்தில் ஒலிக்கச் செய்து அந்தச் சேர்க்கையில் ரசம் காணும் சம்பிரதாயம் நம்முடையது அன்று. ஆகையால் முதற்கேள்வியில் இது நமக்கு அந்நியமாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் தம்பூராவை நன்றாகச் சுருதி கூட்டி மீட்டக் கேட்டவர்களுக்கு உள்ளே நுழைய வழி இல்லாமல் இல்லை. ஷட்ஜ பஞ்சமத் தந்திகளை மட்டுமே விரல் வருடிக்கொண்டிருக்க, யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழுந்து மிதப்பதை ஸ்வயம்பு காந்தாரம் என்று நம் பெரியவர்கள் கொண்டாடினார்கள் அல்லவா? இவர்கள் நான்கு தொண்டைகளைக்கொண்டு தேடுவதும் அத்தகைய ஸ்வயம்பு நாதத்தைத்தான். இவர்களுக்கு மிகவும் உகந்த ஸ்வரக்கூட்டு, நம் பரிபாஷையில் சொன்னால், ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் என்ற நான்கும் சேர்ந்தது. அவற்றின் அதிர்வுகள் 4, 5, 6, 7 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்பது இவர்கள் நாடும் லட்சியம். பியானோவில் அது கைகூடாது. பன்னிரண்டு ஸ்தானங்களையும் சமமாகப் பங்கிட்டுவிட்ட அந்த வாத்தியத்தில் காந்தாரம் சிறிது ஏறியிருக்கிறது. நிஷாதமோ, ஓர் அரைஸ்வர இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. குரலுக்கு அந்த விலங்கு இல்லை. காது காட்டிய இடத்தில் அது போய் நிற்கும். அப்படி நின்றுவிட்டால், ஒவ்வொரு குரலும் தன்னோடு கொண்டுவரும் உபஸ்வரங்கள் மற்றக் குரல்களின் உபஸ்வரங்களோடு சரியாகப் பொருந்தி வலுப்பெற்று, அங்கே யாருமே பாடாத உச்ச ஸ்வரம் ஒன்று தலைக்கு மேலே மணி அடித்தாற்போல் ரீங்கரிக்கும். அதுதான் இவர்களுக்குப் பலசித்தி. மற்றச் சங்கீதங்களில் ஸ்வரக்கூட்டு மெட்டுக்கு ஊழியம் செய்கிறது. இங்கே, மெட்டே அந்த ரீங்காரத்துக்கு வழி விட்டுக் கொஞ்சம் தயங்கி நிற்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இதற்கு எவ்வளவு சிரத்தை வேண்டும் என்பதை, அந்தக் கோஷ்டி அப்பியாசம் செய்துவந்த மாதா கோயில் ஒன்றின் அடித்தள மண்டபத்தில்தான் கண்டேன். சுமார் நாற்பது பேர் படிமேடையில் மூன்று வரிசையாக நிற்பார்கள். பள்ளி ஆசிரியர், குழாய் ரிப்பேர் செய்பவர், பல் வைத்தியர், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், பண்ணைக்காரர், கல்லூரி மாணவர் இருவர் என்று பல தொழிலினர். அவர்களில் பாதிப் பேருக்கு ஸ்வரக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் பாடத் தெரியாது. ஒரு காதில் தம் பகுதியும் மறு காதில் மற்ற மூன்று பகுதிகளுமாகப் பிரித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவைக் காரில் போகும்போதும் வரும்போதும் கேட்டு, பாட்டை நெஞ்சில் பதித்துக்கொண்டு வருவார்கள். ஒருவர் கையிலும் காகிதம் இருப்பதில்லை. நடத்துநராகிய அம்மையார் ஒரே ஒரு சொல்லின் 'ஆ'காரத்துக்காகக் கால் மணி நேரம் செலவிட்டதை நான் பார்த்தேன். உயிரெழுத்தின் வடிவம் மாறினால் உபஸ்வரங்களின் பலம் மாறும். நாற்பது வாய்களில் நாற்பது விதமான 'ஆ' இருந்தால் ரீங்காரம் எங்கிருந்து பிறக்கும்? ஆகவே ஒருவர் தாடையையும் மற்றவர் நாக்கையும் உத்தேசித்து அவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வருவார். ஒலியின் அளவிலும் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. மலை அடியில் அகன்று நுனியில் குறுகுவதுபோல, கீழ்க்குரல் தாராளமாகவும் மேல்குரல் மிதமாகவும் இருக்க வேண்டும். பாரிடோன், தன் ஸ்வரம் மெட்டுக்கு மேலே போகும்போது அடங்கியும் கீழே போகும்போது சற்றுத் தாராளமாகவும் ஒலிக்க வேண்டும். ஆகவே கணத்துக்குக் கணம் தம்மைக் குறைத்தும் கூட்டியும் கொண்டிருப்பவர் அவரே. மற்றொன்றும் என் கவனத்துக்கு வந்தது. நாம் கமகத்தால் ஸ்வரத்துக்கு உயிர் கொடுக்கிறோம்; இவர்களோ குரலின் நடுக்கத்தைக்கூடத் துடைத்துவிட்டு, ஸ்வரத்தை அசையாத தீபம்போல் நிறுத்தி, அந்த நிச்சலனத்திலிருந்து உயிரை வரவழைக்கிறார்கள்.

ஒரு மாலை, அன்பு மிகுதியால் என்னையும் பாரிடோன்களின் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். நாலே ஸ்வரங்கள் கற்பித்தார்கள். மூன்று முறை தவறி, நான்காம் முறை என் குரல் உரிய இடத்தில் போய் அமர்ந்தபோது, வலப்புறத்தில் நின்ற முதியவர் என் முழங்கையைத் தொட்டுப் புன்னகை செய்தார். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது அதைவிடப் பெரிதான வேறொன்று; ஓரத்து நாற்காலியில் அமர்ந்து அத்தனை நாள் கேட்டதெல்லாம் சுவரின் அந்தப் புறத்திலிருந்து கேட்டதுபோல் ஆகிவிட்டது.

'பார்பர்ஷாப்' என்ற பெயருக்குக் காரணம் வெளிப்படை. முறை வருகிறவரையில் காத்திருப்பவர்களுக்குச் சவரக்கடை ஒரு சபை. அங்கே ஒருவர் மெட்டெடுக்க மற்றவர்கள் காதால் தேடிக் குரல் சேர்ப்பது பொழுதுபோக்கு. அந்த வழக்கத்தை வளர்த்ததில் அமெரிக்கக் கறுப்பர்களுடைய பங்கு மிகப் பெரிது. ஃப்ளோரிடாவில் ஜாக்ஸன்வில் நகரத்துக் கறுப்பர் சவரக்கடைகள் ஒவ்வொன்றிலும் நால்வர் குழு இருந்ததாக எழுத்தாளர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்ஸன் எழுதியிருக்கிறார். நியூ ஆர்லியன்ஸ் வீதிகளில் சிறுவனாய்த் திரிந்த ஜாஸ் வித்துவான் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கும் இத்தகைய குழுவில் பாடியவரே. லின் அபட் என்ற ஆராய்ச்சியாளர் 1992-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தப் பூர்வோத்தரத்தைச் சான்றுகளோடு நிலைநாட்டினார்.

இந்தப் பாடகர்களின் இப்போதுள்ள சங்கம் தோன்றியது ஒரு புயலினால் என்று சொல்லலாம். ஓக்லஹோமா மாகாணத்து டல்ஸா நகரத்தில் வரி வக்கீலாக இருந்த ஓவன் கேஷும், அதே நகரத்து முதலீட்டு வியாபாரி ரூபர்ட் ஹாலும், கான்ஸாஸ் ஸிட்டியில் புயலால் பிரயாணம் தடைப்பட்டு ஒரு ஹோட்டலில் தற்செயலாகச் சந்தித்தார்கள். பழைய பாட்டுகள் வழக்கொழிந்து போகின்றனவே என்ற ஏக்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். ஊர் திரும்பி அன்பர்களுக்கு அழைப்பு அனுப்பினார்கள். 1938 ஏப்ரல் 11-ஆம் தேதி டல்ஸா கிளப்பின் மாடித் தோட்டத்தில் 26 பேர் கூடிப் பாடினார்கள். எல்லாம் இன்பமயமான ஆரம்பம். ஆனால் அந்தச் சங்கம் வெள்ளையர்க்கு மட்டுமே கதவு திறந்தது. 1941-இல், நியூயார்க்கில் தேர்வு பெற்று வந்த கிராண்ட் சென்ட்ரல் ரெட் காப்ஸ் என்ற கறுப்பர் நால்வர் குழுவைத் தேசியப் போட்டியில் பாட விடவில்லை. நியூயார்க் மாகாணத்து முன்னாள் கவர்னர் அல் ஸ்மித்தும், அந்நகரத்துப் பூங்காக்களின் அதிகாரி ராபர்ட் மோஸஸும் அதைக் கண்டித்துச் சங்கத்திலிருந்து விலகினார்கள். அந்தத் தடை நீங்க 1963 வரையில் ஆயிற்று. பெண்கள் 1945-இல் டல்ஸாவிலேயே ஸ்வீட் அடெலைன்ஸ் என்ற சங்கத்தைக் கண்டார்கள். பழைய சங்கம் அவர்களைப் பூரண அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது 2018-இல்தான். பக்கத்தில் நிற்பவரின் குரலுக்குக் காது கொடுப்பதையே ஜீவனாகக் கொண்ட ஒரு கலையை உடையவர்கள், அக்கலையைத் தங்களுக்குத் தந்தவர்களின் குரலுக்கு இருபத்தைந்து வருஷம் காதை மூடிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

போட்டிகளைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நூற்றுக்கு மேற்பட்ட குரல்களோடு டல்லஸ் நகரத்து வோகல் மெஜாரிட்டி கோஷ்டி எழுப்பும் பேரொலியும், கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் கோஷ்டி 2009-இல் வேல்ஸ் நாட்டு லாங்கோலன் விழாவுக்குச் சென்று, பலவகைச் சேர்ந்திசைக் குழுக்களுக்கிடையே உலகத்தின் தலைசிறந்த கோஷ்டி என்ற விருது பெற்றதும் பெருமைக்கு உரியனவே. ஆயினும் மேடையில் கையசைவும் முகபாவமும் மிகுந்து போகும்போது காது தன் வேலையைக் கண்ணிடம் ஒப்படைத்துவிடுகிறது என்பது என் குறை. பாட்டுகளின் சாகித்தியமும், பழைய காதலி, தாயார், பிறந்த ஊர் என்ற வட்டத்தை அநேகமாகத் தாண்டுவதில்லை. அந்த எளிய சொற்கள் ரீங்காரத்தில் நனைந்து வரும்போது அது ஒரு குறையாகவே தோன்றுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவர்களுடைய சிநேகிதம் எனக்கு நம் ஊர் மார்கழி பஜனை கோஷ்டியை நினைவூட்டியது. அங்கேயும் சம்பளம் இல்லை, சபாஷ் சொல்ல ஆள் இல்லை. விடியற்காலைக் குளிரில் ஒருவரையொருவர் நம்பி எழுந்து வருவதுதான் கைங்கரியம். இவர்கள் பிப்ரவரியில் காதலர் தினத்தன்று நால்வர் நால்வராகப் பிரிந்து, கையில் ஒரு ரோஜாவோடு, ஆபீஸ்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போய், யாரோ ஒரு கணவர் தம் மனைவிக்காகக் கேட்டுக்கொண்ட பாட்டைப் பாடிவிட்டு வருவார்கள். கோஷ்டிக்கு அதில் சிறிது வருமானமும் உண்டு. அந்தக் குளிர்காலத்தின் நடுவில், முப்பது வருஷமாகப் பேஸ் பாடிய ஒருவர் காலமானார். அடுத்த அப்பியாசத்தன்று கடைசி வரிசையில் அவர் நின்ற இடத்தை நிரப்பாமலே நின்றார்கள். அவருக்குப் பிரியமான பாட்டு வந்தபோது மற்றப் பேஸ் பாடகர்கள் குரலை உயர்த்தி அந்தக் குறையை மறைக்க முயலவில்லை. அடிவாரம் சற்று மெலிந்தே ஒலித்தது. நடத்துநரும் அதைத் திருத்தவில்லை.

அப்பியாசம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாகக் கைகோத்து நின்று சங்கத்தின் முடிவுப் பாட்டைப் பாடுவார்கள். மண்டபத்தை விட்டு வெளியே வந்தாலும் வீட்டுக்குப் போக மனம் வராது. 'டேக்' என்று ஒன்று இருக்கிறது. ஒரு பாட்டின் கடைசிச் சில அடிகள் மட்டும், அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடுவது. ஒரு குரல் தன் ஸ்வரத்தை விடாது பிடித்திருக்க மற்ற மூன்றும் அதைச் சுற்றி இறங்கியும் ஏறியும் வந்து அடங்குவது. அதைப் பெரும்பாலும் காகிதத்தில் கொடுப்பதில்லை. தெரிந்தவர் தெரியாதவருக்கு வாய்மொழியாக, வரி வரியாகச் சொல்லிக்கொடுப்பார். முன்பின் அறியாதவர்கள்கூட ஐந்து நிமிஷத்தில் ஒரு டேக்கைக் கற்று, சேர்ந்து பாடி, கைகுலுக்கிப் பிரிவார்கள்.

நான் ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு முந்திய வாரம், கார்கள் நிறுத்தும் இடத்தில், விளக்குக் கம்பத்தின் அடியில், பனித்தூள் சன்னமாக விழுந்துகொண்டிருக்க, பண்ணைக்காரரும் பல் வைத்தியரும் கல்லூரி மாணவர்களில் இளையவனும் ஒரு டேக்கைத் தொடங்கியிருந்தார்கள். மூன்று குரல்களும் சுத்தமாகவே இருந்தன. ஆனாலும் நடுவில் ஓர் ஓட்டை. பல் வரிசையில் ஒன்று விழுந்தாற்போல் அது காதில் உறுத்தியது. கடைசி ஸ்வரக்கூட்டுக்கு வந்ததும், பண்ணைக்காரர் கையை உயர்த்தி, விடாதீர்கள் என்று ஜாடை காட்டினார். என் முழங்கையைத் தொட்டுப் புன்னகை செய்த முதியவர், தம் பையைக் காருக்குள் வைத்துவிட்டுக் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வந்தார். அவசரப்படவில்லை. மூவருக்கும் நடுவே வந்து நின்று, தலையைச் சற்றுச் சாய்த்து, அவர்கள் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டார். பிறகு வாயைத் திறந்தார்.