வெண்ணெய் மூடிய இறால்

இறால் டிப் என்றால் மயோனைஸ்தான் என்று சாதிக்கும் ஒரு கட்சி கோவையில் வலுவாக இருக்கிறது. எழுபதுகளில் ரேஸ்கோர்ஸ் பங்களா விருந்துகளில் அப்படித்தான் சாப்பிட்டதாகச் சத்தியம் செய்வார்கள். கெச்சப் கலந்த ரோஸ் நிறம், கால் வைத்த கண்ணாடிக் கிண்ணம், விளிம்பில் தொங்கும் ஒற்றை இறால். அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அது காக்டெய்ல். ஸ்பூன் போட்டுச் சாப்பிடுவது. இன்னொரு கட்சி அமெரிக்கக் கட்சி. ஐம்பதுகளின் டிவி காலத்து க்ரீம் சீஸ், டப்பா இறால், நாலு சொட்டு வொர்செஸ்டர் சாஸ் என்று அவர்கள் வழி தனி. இரண்டுக்கும் மூத்தது ஒன்று உண்டு. இங்கிலாந்தின் மோர்கேம்ப் விரிகுடாவில் பிடிக்கும் பொடி இறாலை ஜாதிபத்திரி போட்ட வெண்ணெயில் புரட்டி, கிண்ணத்தில் அழுத்தி, மேலே வெண்ணெயாலேயே மூடி வைப்பார்களே, அந்தப் பாட்டட் ஷ்ரிம்ப்ஸ். என் ஓட்டு அதற்கே. காரணம் இங்கிலாந்து அல்ல, ஊத்துக்குளி.

ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவில் ரயில் நின்று கிளம்பும் அந்தச் சிற்றூரின் வெண்ணெயைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதை நெய்யாக உருக்கத்தான் நமக்குத் தெரியும். வெண்ணெயாகவே அது என்ன செய்யும் என்று பார்த்தவர்கள் குறைவு. உள்ளங்கையில் ஒரு சுண்டைக்காய் அளவு வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். நல்ல சரக்கு என்றால் நீர் கோக்காது, வழவழவென்று பரவும். முகர்ந்தால் மோர்ப்பானையின் லேசான புளிப்பு தெரியும். அந்தப் புளிப்புத்தான் விஷயம். இறாலின் இனிப்புக்கு எதிர்த்தாப்பில் நின்று பேச அது ஒன்றுக்குத்தான் முடியும். எலுமிச்சை பிறகு வந்து சேரும் துணை ஆள், அவ்வளவுதான்.

கடையில் அட்டைப்பெட்டியில் கிடைக்கும் டேபிள் பட்டரைப் போட்டால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகும், ஆனால் அதில் உப்பு இருக்கிறது. சட்டப்படி டேபிள் பட்டரில் கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஈரம் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, உப்பு 3 சதவீதம் வரை இருக்கலாம். இறாலுக்கே கடல் உப்பு உண்டு. கால் கிலோ இறாலுக்கு 150 கிராம் உப்பு வெண்ணெய் போனால், கடைசியில் நாக்கில் நிற்பது உப்பு மட்டும்தான். உப்பில்லாத வெண்ணெயில் கை நம் கட்டுப்பாட்டில் இருக்கும். அதிலும் எருமை வெண்ணெயா, பசு வெண்ணெயா என்று இன்னொரு வழக்கு உண்டு. என் தீர்ப்பு எருமைக்கு. வெள்ளை வெளேரென்று இருப்பதால் இறால் ஓட்டின் செம்மை அதில் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். பசு வெண்ணெய் ஏற்கெனவே மஞ்சள்; சேர்க்கும் நிறம் எது, இருந்த நிறம் எது என்று பிரியாது.

எங்கள் அமுச்சி வெண்ணெய் உருக்கும் நாளில் வீட்டுக் குழந்தைகள் அடுப்படியை விட்டு நகர மாட்டோம். சடசடவென்ற சத்தம் அடங்கி, நுரை ஒதுங்கி, அடியில் கசண்டு பொன்னிறமாகும் நேரத்தில் ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போட்டு இறக்கிவிடுவார். மொறுமொறுத்த அந்தக் கீரைக்குச் சண்டை நடக்கும். இந்த இறால் சமாச்சாரத்துக்கு வேண்டியது அந்தப் பக்குவத்துக்கு ஒரு படி முந்தைய நிலை. சடசடப்பு அடங்க வேண்டும், கசண்டு சிவக்கக் கூடாது. சிவந்துவிட்டால் அது நெய். நெய் வாசம் இறாலை முழுங்கிவிடும். சமையல் புத்தகங்கள் நிமிடக் கணக்குச் சொல்லும். நான் காதைத்தான் நம்புவேன்.

கொங்குச் சீமைக்குக் கடல் கிடையாது. 1934-ல் கட்டி முடித்த மேட்டூர், 1955-ல் வந்த பவானிசாகர் என்று அணைமீன் தின்று வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. கடல் என்றால் சந்தையில் கோணிச் சாக்கில் பரப்பியிருக்கும் கருவாடுதான். ஒறம்பரை வந்தால் நாட்டுக்கோழி அடிப்போம், இல்லாவிட்டால் ஆட்டுக்கறி. இறாலை விருந்துப் பலகையில் வைப்பது நகரத்துப் பழக்கம், எஸ்டேட் பழக்கம். வால்பாறையில் எஸ்டேட் ஆபீஸில் இருந்த மாமா ஒருவர்தான் எங்கள் வீட்டுக்கு இதைக் கொண்டுவந்தார். துரைமார் பங்களாவில் சமைத்த பழைய பட்லரிடம் கற்றது. முதல் தடவை டோஸ்ட்டில் தடவி நீட்டியபோது அப்பச்சி கேட்டார்: "ஏனுங் மாப்ள, கொளம்பு எங்கீங்க?" கேட்டாரே தவிர, கிண்ணம் அவர் பக்கமே நகர்ந்துகொண்டிருந்தது.

உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கு விடிவதற்குள் போக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலையாளக் கரைச் சரக்கு இறங்குவது அப்போதுதான். பெரிய இறாலைப் பார்த்து மயங்காதீர்கள். நாரனும் காராவும் வறுவலுக்கு, ரோஸ்ட்டுக்கு. நமக்கு வேண்டியது கரிக்காடி அல்லது பூவாலன். சுண்டுவிரல் நீளம்கூட இராது. கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்று கேட்டால் வியாபாரி சிரிப்பார். உரிக்கச் சலிப்புத்தான், ஆனால் ருசி அதில்தான். மோர்கேம்ப்காரர்களின் இறாலும் பொடிதான் என்பதை நினைவில் வையுங்கள். பொடி இறாலைச் சுற்றி வெண்ணெய் ஒட்டும் பரப்பு அதிகம். பெரிய இறாலைத் துண்டு போட்டால் வெட்டுவாய் வழியே நீர் விட்டு வெண்ணெயைக் கெடுக்கும்.

குறை சொல்லியே தீர வேண்டிய இடம் இது. 2009-ல் வனாமி வளர்ப்புக்கு அனுமதி கிடைத்த பிறகு, பசிபிக் கரையிலிருந்து வந்த அந்த இனம் நம் இறால் சந்தையையே பிடித்துக்கொண்டது. வருஷம் முழுக்க ஒரே அளவு, ஒரே நிறம். விருந்து நடத்துபவர்களுக்கு அது வரம்; ருசிப்பவர்களுக்கு என்ன மிச்சம்? புதிதாகப் பிடித்த வனாமியைக்கூட ஏற்கலாம். பாக்கெட்டில் உறைந்து வருவதில் பலவற்றைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளப் பாஸ்பேட் கரைசலில் ஊற வைத்திருப்பார்கள். வாணலியில் போட்டதும் தண்ணீரைக் கக்கும், பிறகு ரப்பராகும். கல்யாண மண்டப பஃபேயில் வெள்ளைத் தொப்பி போட்ட பையன் 'ப்ரான் டிப் சார்' என்று நீட்டுவது பெரும்பாலும் அந்த ரப்பரைத்தான்.

செய்முறை எல்லோருக்கும் தெரியும் என்பதால் நான் பிடிவாதம் பிடிக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன். தலையையும் ஓட்டையும் வீசாதீர்கள். உருகிய வெண்ணெயில் முதலில் போக வேண்டியது அவைதான். ஓட்டின் செந்நிறச் சாயம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். சிறு தீயில் கரண்டியால் நசுக்கி நசுக்கிக் கிளறினால் வெள்ளை வெண்ணெய் மெல்ல இளஞ்சிவப்பாகி, செங்காவிக்குப் போகும். வடிகட்டி, ஓட்டைத் துணியில் கட்டிப் பிழிந்துவிட்டு, ஒரு இதழ் ஜாதிபத்திரியைப் போடுங்கள். தூளாக விற்பது வேண்டாம். ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக ஜாதிக்காய் காய்க்கிறது; பொள்ளாச்சிப் பக்கம் ஆள் தெரிந்தால் முழு இதழாகவே கிடைக்கும். மிளகு, கொஞ்சம் ஜாதிக்காய்ச் சீவல், மிளகாய்த்தூள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும். அதன் பிறகுதான் இறால். அடுப்பை அணைத்துவிட்டுக்கூடப் போடலாம், பொடி இறாலுக்கு அந்தச் சூடே போதும். கண்ணாடிபோல் இருந்த சதை வெளுத்து அரைவட்டமாக வளைந்ததும் எடுத்துவிடுங்கள். முழுவட்டமாகச் சுருண்டுவிட்டால் கடந்துபோயிற்று. கிண்ணத்தில் அடைத்து, அழுத்தி, தெளிந்த வெண்ணெயை ஒரு விரற்கடை உயரத்துக்கு மேலே ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள்தான் தொட வேண்டும். மூன்று நாளைக்குள் முடித்துவிட வேண்டும். வெண்ணெய் மூடியிருக்கிறதே என்று வெளியில் வைத்துவிடாதீர்கள்.

தயிர்க் கட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. தொட்டுக்கொள்ள இளகலாக வேண்டும் என்று துணியில் கட்டி வடித்த தயிரை அடித்துச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மீனும் தயிரும் சேரக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதே பெரியவர்கள் வெண்ணெயைப் பார்த்தால் வாயைத் திறப்பதில்லை. அதுவும் அதே பானையில் பிறந்ததுதானே? என் ஆட்சேபம் அந்தச் சாஸ்திரம் பற்றியதல்ல. தயிர் இறாலின் இனிப்பை மழுக்கிவிடுகிறது. இளகல் வேண்டுமானால் பரிமாறுவதற்கு அரைமணி முன்பு வெளியே எடுத்து மரக்கரண்டியால் கலைத்துவிடுங்கள், போதும். பூண்டு போடுகிறவர்களுக்கு நான் சொல்வது, பூண்டு தின்ன வேறு ஆயிரம் வழி இருக்கிறது. மிக்ஸியில் அரைப்பவர்களிடம் எனக்குப் பேச்சே கிடையாது. இறால் பல்லில் தட்டுப்பட வேண்டும்.

கருவாட்டுத் தொக்கே போதுமே, இதெல்லாம் எதற்கு என்பவர்கள் நம் ஊரில் நிறைய. நியாயமான கேள்வி. நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் ராகிக் களியும் என் முன்னால் இருந்தால் நான் வேறு எதையும் பார்க்க மாட்டேன். ஆனால் கருவாட்டுக்குத் தன்னைப் பற்றி மட்டுமே பேசத் தெரியும். சாயங்காலப் பேச்சுக்கு நடுவில் அடக்கமாக உட்கார அதற்கு வராது. வெண்ணெய் இறால் பேச்சைக் கெடுக்காது.

இந்த மாதிரிச் சண்டை புதிதுமல்ல. மதராஸ் குதிரைப்படை அதிகாரி ஆர்தர் கென்னி-ஹெர்பர்ட் 'வைவெர்ன்' என்ற புனைபெயரில் எழுதிய சமையல் நூல் 1878-ல் சென்னையில் வெளிவந்தது. சீமையிலிருந்து வரும் டப்பாச் சரக்கை நம்பி விருந்து வைக்கும் வெள்ளைக்காரர்களை அவர் சாடினார். உள்ளூர்ச் சந்தையில் புதிதாகக் கிடைப்பதை ஒழுங்காகச் சமைக்கத் தெரிந்தால் போதும் என்பதே அவர் வாதம். இன்றைக்கு டப்பாவின் இடத்தில் பிளாஸ்டிக் பிதுக்குக் குப்பி வந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் தமிழக அரசு பச்சை முட்டை மயோனைஸை ஓராண்டுக்குத் தடை செய்தபோது இனியாவது திருந்துவார்கள் என்று பார்த்தேன். முட்டையில்லாத மயோனைஸ் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மோமோவுக்கும் அதே, ஷவர்மாவுக்கும் அதே, இறாலுக்கும் அதே.

எதில் தடவுவது? நேந்திரம் சிப்ஸ் நம் ஊர்க் கடைவாசலிலேயே பொரிகிறது, ஆனால் தேங்காயெண்ணெய் வாசம் வெண்ணெயோடு முட்டும். பேக்கரி ரஸ்க்கில் ஏலக்காயும் சர்க்கரையும் குறுக்கே வரும். ஊட்டி வர்க்கி அடுக்கடுக்காக நொறுங்கும் அழகுக்காக ஒரு தடவை மன்னிக்கலாம். மரவள்ளிச் சிப்ஸ் மெல்லிசாக, காரம் போடாமல் கிடைத்தால் உத்தமம். எல்லாவற்றையும் விட, நேற்றைய ரொட்டியை விரல்கனத்துக்கு நறுக்கித் தோசைக்கல்லில் எண்ணெயில்லாமல் முறுகவிட்டது. ரொட்டி சூடாகவும் வெண்ணெய் குளிர்ந்தும் இருக்க வேண்டும். தடவியதும் ஓரம் மட்டும் உருகினால் பக்குவம் சரி.

வெண்ணெய் முப்பத்திரண்டு, முப்பத்தைந்து டிகிரியில் உருகிவிடும் சரக்கு. ஏப்ரலில் இதைச் செய்து மொட்டை மாடியில் வைத்தால் கிண்ணத்தில் நெய்க்குளம்தான் மிஞ்சும். ஆடிக்காற்று கணவாயில் புகுந்து வீசும் மாதங்கள்தான் கோவைக்குக் கொடுத்துவைத்த காலம். கேரளத்து விசைப்படகுகளுக்கான 52 நாள் தடை ஜூலை 31 நள்ளிரவோடு முடிகிறது. ஆகஸ்ட்டில் கரிக்காடி குவியும், விலையும் இறங்கும். அந்த மாதம் ஊத்துக்குளிப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் அரைக்கிலோ வெண்ணெய்க்குச் சொல்லி வையுங்கள். பாதியை நெய்யாக்கிக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. மீதிப் பாதியையாவது இறாலுக்கு விடுங்கள்.