உப்புக்காற்றுக்கு எந்தக் கத்தி?

காட்டு வாழ்க்கைக்கான சின்னக் கத்தி என்று யூடியூபில் தேடினால், வெள்ளைக்காரர்கள் பெரும்பாலும் முதலில் வைக்கும் பரீட்சை ஒன்றுதான். கத்தியை விறகின் தலையில் வைத்து, இன்னொரு கட்டையால் அதன் முதுகில் ஓங்கி அடித்து விறகைப் பிளப்பார்கள். பிளந்தால் நல்ல கத்தி, வளைந்தால் குப்பை. பைன் மரக் காடுகளில், பனியில் நனைந்த விறகுக்குள்ளிருந்து காய்ந்த நடுப்பகுதியை எடுக்க அது தேவைதான். கொச்சி மட்டாஞ்சேரியில் உட்கார்ந்துகொண்டு அதே பரீட்சையை நம்பி வாங்கினால் காசுக்குத்தான் கேடு. இங்கே வீட்டுப் பின்கட்டில் ஒரு வெட்டுக்கத்தி எப்படியும் கிடக்கும். இளநீர் சீவவும் மட்டை பிளக்கவும் அது போதும். சின்னக் கத்திக்கு மிஞ்சுவது சீவல், செதுக்கல், கீறல், பிறகு மீன் கழுவுவது. அந்த வேலைகளை மட்டும் மனத்தில் வைத்து, கும்பளங்கியில் நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பில் மழைக்காலம் முழுக்க இரண்டு கத்திகளை மாற்றி மாற்றிப் புழங்கிப் பார்த்தேன்.

முதலாவது, மோராக்னிவ் கம்பானியன், ஸ்டெயின்லெஸ் ரகம். சுவீடனில் மோரா என்கிற ஊரின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது இந்த வகைக் கத்திதான். கம்பெனியின் வேர் 1891-ல் தொடங்கிய ஃப்ரோஸ்ட்ஸ் பட்டறையில் இருக்கிறது. அலகு 10.4 செ.மீ. நீளம், 2.5 மி.மீ. கனம். ரப்பர் பிடி, பிளாஸ்டிக் உறை. அங்கே இது தச்சர்களும் கட்டட வேலைக்காரர்களும் வைத்திருக்கும் வேலைக் கத்தி. காட்டுப் பித்தர்கள் பின்னால்தான் வந்து சேர்ந்தார்கள். இரண்டாவது, லாரிப் பட்டையை அறுத்து உள்ளூர்க் கொல்லர் ஒருவர் அடித்துக் கொடுத்த பிச்சாத்தி. நீளம் ஏறக்குறைய அதேதான். முதுகு மட்டும் 4 மி.மீ. கனம், பிடி பலாக் கட்டை.

கொச்சியில் கத்தியைத் தின்பது மரமல்ல, காற்று. ஆண்டுக்கு 3,000 மி.மீ.-ஐ ஒட்டிப் பெய்யும் மழை, ஜூன் பிறந்துவிட்டால் துவைத்த துணி காயாத ஈரம், போதாததற்குக் கடலிலிருந்தும் காயலிலிருந்தும் வரும் உப்பு. ஈரத்தில் உப்பு கரைந்து, மின்சாரம் கடத்தும் ஒரு நீர்ப்படலமாக இரும்பின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. துரு இங்கே இவ்வளவு வேகமாக ஏறுவது அதனால்தான். பிச்சாத்தியால் மாலையில் ஒரு கரிமீனைக் கழுவி, அலகை நன்றாகத் துடைத்து, எண்ணெய் மட்டும் போடாமல் வைத்தால் காலையில் செம்மஞ்சள் புள்ளிகள் தயார். புளிப்பான பழங்களை அறுத்து அறுத்து அலகில் ஒரு கருமை ஏறிவிட்டால் பிறகு துருவே பிடிக்காது என்று கத்திப் பிரியர்கள் அடித்துச் சொல்வார்கள். மாங்காயும் எலுமிச்சையும் அறுத்ததில் கருமை வந்தது உண்மை. ஆனால் அது துருவைத் தள்ளிப்போடுகிறதே தவிர, உப்பை நிறுத்துவதில்லை. தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவினால்தான் நிம்மதி.

கம்பானியனின் ஸ்டெயின்லெஸ் எஃகுக்கு 12சி27 என்று பெயர். கார்பன் 0.6 சதவீதம், குரோமியம் 13.5 சதவீதம். அந்தக் குரோமியம் அலகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு தோலைப் போர்த்தி வைக்கிறது. கீறல் விழுந்தாலும் தோல் தானாக மூடிக்கொள்ளும். ராக்வெல் அளவில் இதன் கடினம் 56 முதல் 58 வரை. 60-ஐத் தாண்டிய விலையுயர்ந்த எஃகுகளைக் கையாண்டவர்கள் இந்த எண்ணைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். எனக்கு இது குறையாகவே படவில்லை. மழுங்கினால் சாதாரணச் சாணைக்கல்லில் சட்டென்று கூர் ஏறுகிறது, வைரத்தகடு தேடி அலைய வேண்டியதில்லை. இதே கம்பானியனில் கார்பன் எஃகு ரகமும் கிடைக்கிறது, கூரும் அதில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் அதன் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

அலகின் வடிவத்தை ஸ்காண்டி என்கிறார்கள். முதுகிலிருந்து பாதிக்கு மேல் தட்டையாக வந்து, அங்கிருந்து வாய் வரை ஒரே சரிவாக இறங்கும். மரத்தில் வைத்ததுமே இதன் சுகம் தெரிந்துவிடும். அந்தச் சரிவு மரத்தின் மேல் படிந்து உட்காருவதால், எவ்வளவு ஆழம் போகிறோம் என்பது கைக்குப் பிடிபடுகிறது. ஓலையிலிருந்து ஈர்க்கு உருவுவது, கயிறு கட்ட முளை செதுக்குவது எல்லாமே அலட்டல் இல்லாத வேலை. மழையில் தீ மூட்டுவதற்கு, காய்ந்த மூங்கிலைப் பிளந்து, பளபளக்கும் மேல்தோலைச் சீவி எறிந்துவிட்டு, உள்பக்கத்தைச் சுருள் சுருளாக இழைக்க வேண்டும். கம்பானியனில் அந்தச் சுருள் காகிதம்போல வருகிறது. பிச்சாத்தியோ அகலமான ஆப்பு மாதிரி மூங்கிலுக்குள் இறங்கி, சுருள் வருவதற்குள் துண்டாக ஒடித்துப் போடுகிறது. கூர் போதவில்லை என்பதல்ல, கனம் அதிகம்.

தீட்டும்போதும் அதே சரிவு உதவுகிறது. கல்லின் மேல் அதைப் படிய வைத்தாலே கோணம் சரியாக அமைந்துவிடும், புதிதாகக் கற்றுக்கொள்பவருக்குக் கூடத் தவறாது. கவனிக்க வேண்டியது மூங்கிலைத்தான். அதன் தோலில் இருக்கும் சிலிகா எந்தக் கூரையும் மழுக்கும், கணுவில் வைத்துத் திருகினால் மெல்லிய வாய் மடங்கும். தீட்டி முடித்தபின் கத்தியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, பக்கத்துக்கு ஓரிரு இழுப்பு இழுத்துவிட்டால் வாய்க்குத் தெம்பு வந்துவிடும். சமையலுக்கு ஸ்காண்டி சுமார்தான். மரவள்ளிக் கிழங்கை வைத்தால் அறுபடாமல் பிளந்து தெறிக்கிறது. மீனுக்குக் குறை சொல்ல முடியாது. ரப்பர் பிடி செதிலும் நீருமாக இருக்கும்போதும் வழுக்கவில்லை. பலாக் கட்டைப் பிடி அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஈரம் குடித்துக் குடித்து ஊறுகிறது.

கம்பானியனில் இரும்பு பிடியின் கடைசி வரை போகாது. முதுகு மழமழப்பாக இருப்பதால் தீப்பொறிக் கம்பியில் உரசினாலும் பொறி கிளம்பாது. இந்த இரண்டு குறையும் தீர வேண்டுமென்றால் அதே கம்பெனி 2016-ல் கொண்டுவந்த கார்பெர்க் இருக்கிறது. 3.2 மி.மீ. கனம், முழு நீள இரும்பு, விளிம்பு கூராக்கிய முதுகு, விலையும் பல மடங்கு. சட்டைப் பையில் சிகரெட் லைட்டர் வைத்துக்கொண்டு முதுகுக்காக அவ்வளவு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உறையில் மட்டும் பகட்டு பார்க்காதீர்கள். தோல் உறை இந்த ஊரில் பூஞ்சை பிடிக்கும், உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்து அலகுக்கே ஊட்டும். பிளாஸ்டிக் உறையைக் கழுவி, தண்ணீரை வடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தால் போதும்.

கொல்லரிடம் இரண்டாவது முறை போனது கனத்தைக் குறைப்பதற்காக. “சேட்டா, 3 மில்லி போதும்” என்றேன். “கனம் கொறஞ்சா ஒடியும் அண்ணாச்சி, பின்னே குற்றம் எனக்கல்லே?” என்றார். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. லாரிப் பட்டை என்பது ஸ்பிரிங் எஃகு, கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும், கத்திக்கு நல்ல சரக்கு. ஆனால் பழைய பட்டையில் ஓடிக் களைத்த விரிசல் உள்ளே ஒளிந்திருக்கலாம். தோய்ச்சல் போட்டபின் பதம் பார்ப்பதும் நிறத்தை வைத்துத்தான்: வைக்கோல் மஞ்சளில் நிறுத்தினால் கூர் நிற்கும், நீலத்துக்குப் போய்விட்டால் கத்தி மென்மையாகிவிடும். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் ஏறக்குறைய 70 டிகிரிதான். எனவே பட்டறையில் வாங்குபவர்கள் ஒரு அரத்தைக் கையோடு கொண்டுபோய் வாயோரத்தில் லேசாக உரசிப் பாருங்கள். அரம் வழுக்கினால் பதம் சரி. கடித்துப் பிடித்தால் மறுபடி உலைக்குள் வைக்கச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். கத்திக்குச் சட்டம் போடுவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. 1854-லேயே மலபாரில் மாப்பிள்ளைமாரின் போர்க்கத்தியை வைத்திருப்பது குற்றம் என்று ஆங்கிலேயர் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். இன்றைய ஆயுத விதிகள் கவலைப்படுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுகளைப் பற்றி. வீட்டுக்கும் விவசாயத்துக்குமான கத்திகளுக்கு அதிலும் விலக்கு உண்டு. நம் சின்னக் கத்தி மாட்டிக்கொள்வது வேறிடத்தில். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்று சொல்லும் பட்டியலில் கத்தியும் இருக்கிறது. எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைய 31-வது பிரிவு தடை போடுகிறது. தட்டேக்காடு பறவைகள் சரணாலயம் மட்டுமல்ல, எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றத்துக்குப் பின்னால் இருக்கும் மங்களவனமும் சரணாலயம்தான். தோப்பு, எஸ்டேட், சொந்த நிலம் என்று உரிமையாளர் சம்மதித்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொச்சி, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று உப்புக்காற்று வீசும் ஊர்க்காரர்கள் கம்பானியன் ஸ்டெயின்லெஸ்ஸை வாங்குங்கள். 2.5 மி.மீ. ரகம்தான் வேண்டும், 3.2 மி.மீ. ஹெவி டியூட்டி வேண்டாம். பாலக்காடு, தேனிப் பக்கம் இருப்பவர்கள் அந்தக் காசை உள்ளூர்க் கொல்லரிடம் கொடுத்து, 3 மி.மீ.-க்கு மேல் வேண்டாம் என்று அடம்பிடித்து ஒரு பிச்சாத்தி அடித்து வாங்குங்கள்.