குட்டை ஜம்போ

போயிங் 747எஸ்பி-யின் அழகே அதன் குட்டை உடல்தான். நியூயார்க்கிலிருந்து டோக்கியோவுக்கு இடையில் இறங்காமல் பறக்க விரும்பியது பான் ஆம் விமான நிறுவனம். டெஹ்ரானிலிருந்து நியூயார்க்குக்கு, ஈரான் ஏர். அதற்காக, ஜம்போ எனப்படும் 747 விமானத்தின் நீளத்தில் ஏறத்தாழ 14 மீட்டரை வெட்டினார்கள். எடை குறைந்தது, தூரம் கூடியது. உடல் குட்டையானதால், பறக்கும்போது விமானத்தை நிலையாக வைத்திருக்க செங்குத்து வாலை உயர்த்த வேண்டியிருந்தது. அந்த நிமிர்ந்த வாலை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை!

கட்டியவை 45 மட்டுமே. ஆனால் பான் ஆமிடம் இருந்த ஒன்றுக்கு இன்னொரு வாழ்வு கிடைத்தது. ஜெர்மானியரோடு சேர்ந்து நாசா அதன் பின்பகுதியில் பெரிய கதவு திறந்து, 2.7 மீட்டர் தொலைநோக்கியைப் பொருத்தியது. பெயர் சோஃபியா. அகச்சிவப்பு ஒளியை மறைக்கும் நீராவியின் பெரும்பகுதிக்கு மேலே பறந்தபடி, நிலவின் வெயில்படும் பரப்பிலும் நீர் மூலக்கூறுகள் இருப்பதை அது கண்டுசொன்னது.